உதைத்தவருக்கு வெள்ளி, விழுந்தவருக்குத் தங்கம்: டோக்கியோ கராத்தே இழை

7 ஆகஸ்ட் 2021, இரவு 8.10 (கேள்வி)

இன்னிக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில், புடோகான் அரங்கில் ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் கராத்தே ஃபைனல் பார்த்தவங்க யாராவது விளக்குங்க. சவூதியின் தாரிக் ஹமீதி 4-1 என்று முன்னால் இருக்கார். ஒரே உதை. ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மல்லாந்துட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க், ஸ்ட்ரெச்சர், எல்லாம் வந்தது. கடைசியில் நினைவில்லாம கிடந்தவருக்குத் தங்கம், நின்னவருக்கு வெள்ளி! பாக்சிங்கில் இதுக்குப் பேர் நாக்அவுட். இங்கே மட்டும் ஏன் தலைகீழ்? நான் சொல்றது இதுதான்: கராத்தே ஒலிம்பிக்குக்கு ஆகாத விளையாட்டு.

7 ஆகஸ்ட் 2021, இரவு 9.05

பாக்சிங் கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். குமித்தேயில் (இருவர் நேருக்கு நேர் மோதும் கராத்தே) கேட்பது வேறு. முழு வேகத்தில் போக வேண்டும், போன இடத்தில் நிற்கவும் வேண்டும். தலைக்குப் போகும் கிக் தோலை உரசலாம். அதற்கு மேல் இறங்கினால் குற்றம். தொண்டையில் உரசலும் கூடாது. உரசாமல் மிக அருகே போய் நின்றாலும், எதிராளி தடுக்கவோ விலகவோ இல்லை என்றால் பாயின்ட் உண்டு.

ஹமீதியின் கிக் நிற்கவில்லை. ஆள் மயங்கிவிட்டார். அளவு மீறிய தாக்கு என்பது முதல் வகைக் குற்றம், மயங்கி விழும் அளவு என்றால் நேராக ஹான்சோகு (தகுதி நீக்கம்). ஹான்சோகு வந்தால் ஆட்டம் எதிராளிக்கு. ஸ்கோர் 4-1 என்ன, 7-0 ஆக இருந்தாலும் இதே முடிவுதான். (8 பாயின்ட் வித்தியாசம் வந்திருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும், அது தனிக் கதை.)

7 ஆகஸ்ட் 2021, இரவு 9.20

இன்னொன்று. அந்த உதை ஓர் அங்குலம் முன்னால் நின்றிருந்தால் 3 பாயின்ட், ஸ்கோர் 7-1. அதாவது இந்த விளையாட்டில் மிக அதிகமாகக் கிடைக்கிற பாயின்ட்டும் மிகப் பெரிய தண்டனையும் ஒரே அசைவின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மூன்று நாள் மெடல் பட்டியல் முழுக்கப் புரியும்.

8 ஆகஸ்ட் 2021, காலை 7.30

பாயின்ட் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையால் எங்கே வாங்கினாலும், முகமோ வயிறோ முதுகோ, 1 (யூகோ). உடம்புக்கு உதை 2 (வாசாரி). தலைக்கு உதை 3 (இப்பொன்). எதிராளியைத் தட்டிக் கீழே விழவைத்து, விழுந்த நொடியில் பஞ்ச் வைத்தால் அதுவும் 3. ஆட்டம் 3 நிமிடம். நடுவர் நிறுத்தினால் கடிகாரமும் நிற்கும்.

கொடி தூக்குவது நான்கு மூலையில் உட்கார்ந்திருக்கும் நான்கு ஜட்ஜ்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்துக்குத் தூக்கினால்தான் பாயின்ட். நடுவில் நிற்கும் ரெஃப்ரிக்குப் பாயின்ட்டில் ஓட்டு இல்லை. டிவியில் பார்க்கிறவர்கள் “ரெஃப்ரி விழுங்கிட்டான்” என்று திட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

பஞ்ச் போய்ப் பட்டால் மட்டும் போதாது. நல்ல வடிவம், முறையான மனநிலை, வீரியம், அடித்த பிறகும் விழிப்பு, நேரம், தூரம், ஆறும் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது விழிப்பில்தான். பஞ்ச் வைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைத் தூக்கிக் கோச்சைப் பார்த்துக் கத்துவார்கள். கொடி எழாது. எதிராளியைப் பார்த்தபடி கையை இழுத்துக்கொண்டு தூரம் எடுப்பவருக்கு எழும்.

8 ஆகஸ்ட் 2021, காலை 8.02 (கேட்டவர்)

சரி, ஆனா மயங்கினவர் பத்து நொடியில் எழலைன்னா போட்டியிலிருந்தே விலக்கணும்னு ஒரு விதி இருக்காமே? அப்போ ரெண்டு பேருமே அவுட் இல்லையா?

8 ஆகஸ்ட் 2021, காலை 8.40

நல்ல கேள்வி. விதி இருக்கிறது. விழுந்தவர் 10 நொடிக்குள் சொந்தக் காலில் எழுந்து நிற்கவில்லை என்றால், அந்தப் போட்டியில் மேற்கொண்டு குமித்தே ஆட முடியாது. இது முழுக்க மருத்துவக் காரணத்துக்கானது, அடி வாங்கிய தலையோடு அடுத்த ரவுண்டுக்கு யாரும் போகக் கூடாது என்பதற்காக. ஏற்கெனவே வென்ற ஆட்டத்தை அது பறிக்காது. இதே சம்பவம் அரையிறுதிக்கு முந்தைய குழுச் சுற்றில் நடந்திருந்தால் கஞ்ச்சாதே அந்த ஓர் ஆட்டத்தை ஹான்சோகுவில் வென்றிருப்பார், மீதி ஆட்டங்களை இழந்திருப்பார். நடந்தது ஃபைனலில், அதற்கு மேல் ஆட்டமே கிடையாது. அதனால் தங்கம்.

சவூதி கோச் வீடியோவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று எழுதியவருக்கு: கோச் கையில் இருக்கும் கார்டு தன் ஆளுக்குக் கிடைக்காமல் போன பாயின்ட்டைக் கேட்க மட்டும்தான். தண்டனையைத் திருப்பச் சொல்லித் தூக்க முடியாது. கேட்டது தவறென்று வந்தால் கார்டும் போய்விடும்.

8 ஆகஸ்ட் 2021, மாலை 6.15

“ஜப்பான் வழக்கம்போல அள்ளியிருக்கும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அள்ளவில்லை. எட்டுப் பிரிவு, எட்டுத் தங்கம், எட்டு நாடு. ஒரு நாட்டுக்கும் இரண்டாவது தங்கம் கிடையாது. முழுப் பட்டியல் இதோ. (முதல் பெயர் தங்கம், அடுத்தது வெள்ளி. எண்கள் கிலோவில் எடைப் பிரிவு. கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை.)

ஆண்கள் கட்டா: ரியோ கியூனா (ஜப்பான்), டாமியன் கின்டெரோ (ஸ்பெயின்), வெண்கலம் ஏரியல் டோரஸ் (அமெரிக்கா), அலி சோஃபுவோலு (துருக்கி).
பெண்கள் கட்டா: சாண்ட்ரா சான்செஸ் (ஸ்பெயின்), கியோ ஷிமிசு (ஜப்பான்), வெண்கலம் கிரேஸ் லாவ் (ஹாங்காங்), விவியானா பொட்டாரோ (இத்தாலி).
ஆண்கள் 67: ஸ்டீவன் ட கோஸ்டா (பிரான்ஸ்), எராய் ஷம்தான் (துருக்கி), வெண்கலம் டர்கான் அசாடிலோவ் (கஜகஸ்தான்), அப்துல்ரஹ்மான் அல்-மசாத்ஃபா (ஜோர்டான்).
ஆண்கள் 75: லூயிஜி புசா (இத்தாலி), ரஃபேல் அகாயேவ் (அஜர்பைஜான்), வெண்கலம் ஸ்டானிஸ்லாவ் ஹொருனா (உக்ரைன்), காரோலி ஹார்ஷ்பதாகி (ஹங்கேரி).
75க்கு மேல்: கஞ்ச்சாதே, ஹமீதி, வெண்கலம் ரியுதாரோ அராகா (ஜப்பான்), உகுர் அக்தாஷ் (துருக்கி).
பெண்கள் 55: இவெட் கோரனோவா (பல்கேரியா), அஞ்செலிகா டெர்லியுகா (உக்ரைன்), வெண்கலம் பெட்டினா பிளாங்க் (ஆஸ்திரியா), வென் ட்சு-யுன் (சீன தைபே).
பெண்கள் 61: யொவானா பிரேகோவிச் (செர்பியா), யின் சியாவோயான் (சீனா), வெண்கலம் ஜியானா லுத்ஃபி (எகிப்து), மெர்வே சோபான் (துருக்கி).
61க்கு மேல்: ஃபெரியால் அப்துல்அஜீஸ் (எகிப்து), இரினா ஸரெட்ஸ்கா (அஜர்பைஜான்), வெண்கலம் கோங் லி (சீனா), சோஃபியா பெருல்ட்சேவா (கஜகஸ்தான்).

32 மெடல், 20 நாடு. ஜப்பானுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒவ்வொன்று. துருக்கிதான் சுவாரசியம்: ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம், நான்கு மெடல் வாங்கியும் தங்கம் இல்லை. ஃபெரியாலின் தங்கம் ஒலிம்பிக்கில் எகிப்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் தங்கம். கியூனா ஒகினாவாக்காரர். கராத்தே பிறந்த தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் கராத்தேயிலேயே வந்தது. மெடல் வாங்கும்போது அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார்.

8 ஆகஸ்ட் 2021, மாலை 6.31

வெண்கலம் ஏன் இரண்டு என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். குமித்தேயில் இரண்டு குழு. குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் அரையிறுதிக்கு. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம், தனி ஆட்டம் கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் இப்படி இல்லை. அங்கே ஃபைனலுக்குப் போனவரிடம் தோற்றவர்கள் மட்டும் திரும்பி வந்து, தங்களுக்குள் ஆடி, வெண்கலத்துக்கு மோத வேண்டும். முதல் ரவுண்டில் தோற்றவரும், தோற்கடித்தவர் ஃபைனல் போனால் மெடல் வாங்கிவிடலாம். அதனால்தான் உலக சாம்பியன்ஷிப்பில் தோற்ற கையோடு யாரும் பையைக் கட்டுவதில்லை. தன்னை வென்றவனுக்கே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

9 ஆகஸ்ட் 2021, இரவு 10.20

எடைப் பிரிவு பற்றி யாரும் பேசவில்லை. உண்மையான அநியாயம் அங்கேதான்.

வழக்கமாக ஆண்களுக்கு 60, 67, 75, 84, 84க்கு மேல் என ஐந்து பிரிவு. பெண்களுக்கு 50, 55, 61, 68, 68க்கு மேல். ஒலிம்பிக்கில் இடம் போதாது என்று ஐந்தை மூன்றாக்கினார்கள். 60ஐயும் 67ஐயும் சேர்த்து ஒன்று. 75 தனி. 84ஐயும் அதற்கு மேலும் சேர்த்து “75க்கு மேல்”. பெண்களிலும் அதே வெட்டு.

விளைவு என்ன? நடுப் பிரிவுக்காரர்களுக்கு வாழ்க்கை மாறவே இல்லை. புசாவும் அகாயேவும் வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகிய அதே பிரிவில், அதே எடையில் ஆடினார்கள். ஓரத்துக்காரர்களுக்குத்தான் தலைவலி. 60 கிலோ ஆள் 67 கிலோ ஆட்களோடு நிற்க வேண்டும். 7 கிலோ தசையை ஏற்றினால் வேகம் போகும், ஏற்றாவிட்டால் கை எட்டாது. ஷம்தான் 60 கிலோவிலிருந்து வந்தவர். ஃபைனல் வரை வந்ததே பெரிய விஷயம். அங்கே 67இலேயே உலக சாம்பியனாக இருந்த ட கோஸ்டாவிடம் 5-0.

மேல் பக்கத்தில் இன்னும் மோசம். 84க்குள் இருப்பவரும் 100ஐத் தாண்டியவரும் ஒரே களத்தில். எடை கூடக் கூட ஒரு கிக்கை நிறுத்துவது கடினம், காலின் கனம் இழுத்துக்கொண்டு போகும். கஞ்ச்சாதே–ஹமீதி சம்பவம் கனமான பிரிவில் நடந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. ஆனால் இதை வைத்து ஹமீதிக்கு விலக்கு கேட்க முடியாது. நிறுத்தத் தெரிவதுதான் இங்கே பரீட்சை.

10 ஆகஸ்ட் 2021, காலை 6.50 (கேட்டவர்)

கட்டாவுக்கு வாங்க. அது டான்ஸ்தானே? 28.06, 27.88னு எங்கிருந்து பிடிக்கிறாங்க?

10 ஆகஸ்ட் 2021, காலை 9.15

“டான்ஸ்” என்று சொன்னதற்குப் பதில் எழுதவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஏழு ஜட்ஜ்கள். ஒவ்வொருவரும் இரண்டு மதிப்பெண் போடுவார்: நுட்பத்துக்கு ஒன்று, உடல்திறனுக்கு ஒன்று. 5.0 முதல் 10.0 வரை, 0.2 ஏற்றத்தில். ஏழில் மேலே இரண்டையும் கீழே இரண்டையும் தள்ளிவிட்டு மிச்சம் மூன்றைக் கூட்டுவார்கள். நுட்பக் கூட்டலை 0.7ஆலும் உடல்திறன் கூட்டலை 0.3ஆலும் பெருக்கிச் சேர்த்தால் ஸ்கோர். உச்சம் 30.

உதாரணத்துக்கு நானே போட்ட கணக்கு: நுட்பத்தில் 9.0, 9.0, 9.2, 9.2, 9.4, 9.4, 9.6. தள்ளியது போக மிச்சம் 9.2, 9.2, 9.4. கூட்டினால் 27.8, பெருக்கினால் 19.46. உடல்திறனில் மிச்சம் 9.2, 9.4, 9.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28.0, பெருக்கினால் 8.40. மொத்தம் 27.86.

இதில் கவனிக்க வேண்டியது தள்ளுபடிதான். ஒரு ஜட்ஜ் தன் நாட்டுக்காரருக்கு 10 போட்டாலும் அந்தப் பத்து குப்பைக்குப் போகும். இரண்டு பேர் சேர்ந்து போட்டாலும் போகும். மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒரு பத்தாவது கூட்டலில் ஏறும்.

10 ஆகஸ்ட் 2021, காலை 9.48

மேலே சொன்னதோடு சேர்த்து: நுட்பத்தில் ஒரு படி (0.2) என்றால் இறுதி ஸ்கோரில் 0.14. உடல்திறனில் ஒரு படி என்றால் 0.06. இப்போது சான்செஸ் 28.06, ஷிமிசு 27.88. வித்தியாசம் 0.18. இதை எட்ட எளிய வழி: நுட்பத்தில் இருவரும் சமம், உடல்திறனில் சான்செஸுக்கு மூன்று படி கூடுதல். அல்லது நுட்பத்தில் மூன்று படி மேல், உடல்திறனில் நான்கு படி கீழ் (0.42 கழித்தல் 0.24). எப்படிப் பார்த்தாலும் ஒருசில படிகள். இருவரும் ஃபைனலில் செய்தது ஒரே கட்டா, சாத்தான்யாரா குஷான்கு. 39 வயதில் வாங்கிய தங்கம் அது.

கியூனா 28.72, கின்டெரோ 27.66. வித்தியாசம் 1.06. நுட்பத்தில் ஐந்து படி, உடல்திறனில் ஆறு படி என்றால் சரியாக வரும். ஃபைனலில் இவ்வளவு இடைவெளி இருந்தால் போட்டியே இல்லை என்று பொருள். கியூனா செய்த ஓஹான்தாய் கட்டாவில் திரும்பும் இடங்களைப் பாருங்கள். இடுப்பு முதலில் திரும்புகிறது, தலை உயரம் மாறவே இல்லை, கால் பதிந்த நொடியில் கையும் முடிகிறது. கை முந்தி கால் பிந்தினால் நுட்பத்தில் வெட்டு.

10 ஆகஸ்ட் 2021, மதியம் 1.05

“உஸ்ஸ்” என்று மூச்சை இரைந்து விடுவதும், காலைத் தரையில் தட்டிச் சத்தம் கிளப்புவதும், மார்பிலும் உடையிலும் அறைந்துகொள்வதும் கட்டாவில் குறைதான், மதிப்பெண் போகும். ஊர்ப் போட்டியில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்!

பெல்ட் தளர்ந்து இடுப்பை விட்டு இறங்கினால் குறை. அவிழ்ந்து விழுந்தால் வெளியே. சொன்ன கட்டா ஒன்று, செய்தது வேறு என்றால் வெளியே. அதிகாரப் பட்டியலில் 102 கட்டா இருக்கின்றன, அதற்கு வெளியே எதையும் செய்ய முடியாது. புது பெல்ட்டைப் போட்டிக்குக் கட்டாதீர்கள். விறைப்பாக இருக்கும், முடிச்சு நிற்காது.

12 ஆகஸ்ட் 2021, இரவு 11.10

0-0 ஆட்டத்துக்கு எப்படித் தங்கம் என்ற சண்டை மூன்று பதிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேகோவிச்–யின் ஃபைனல் 3 நிமிடமும் பாயின்ட் இல்லாமல் முடிந்தது. அப்போது ஹான்தேய்: நான்கு ஜட்ஜ், ரெஃப்ரி, ஐந்து ஓட்டு. இந்த ஒரு வேளைதான் ரெஃப்ரிக்கும் ஓட்டு. யார் முன்னேறி ஆடினார், யாருடைய நுட்பம் மேல், யார் ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தார் என்று பார்ப்பார்கள்.

0-0 தவிர வேறு சமநிலையில் யாரிடமாவது சென்ஷு இருந்தால் ஓட்டுக்கே போகாது, அதுவே முடிவு செய்யும். எதிராளி வாங்காத நேரத்தில் முதல் பாயின்ட்டை வாங்கியவருக்கு அந்தச் சலுகை. 1-1, 3-3, எதுவானாலும் அவர் வென்றார். இருவரும் ஒரே நேரத்தில் வாங்கினால் யாருக்கும் சென்ஷு இல்லை.

இதனால் ஆட்டத்தின் கடைசி நிமிடம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சென்ஷு கையில் இருப்பவர் ஓடத் தொடங்குவார். அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். கடைசி 15 நொடிக்குள் கோட்டைத் தாண்டினாலோ, ஓடினாலோ, கட்டிப் பிடித்துக்கொண்டாலோ எச்சரிக்கையோடு சென்ஷுவும் பறிபோகும். பயிற்சியில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். 8 மீட்டர் களத்தில் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குதிகாலுக்குத் தெரிய வேண்டும். ஓரத்து வரிசை வேறு நிறத்தில் இருப்பது அதற்காகத்தான், ஆனால் எதிராளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கீழே பார்க்க முடியாது. நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் வட்டமடிக்கப் பழக்க வேண்டும்.

புசா–அகாயேவ் ஃபைனல் 1-0. ஐந்து முறை உலக சாம்பியனான அகாயேவுக்கு எதிராக ஒரே ஒரு யூகோ. ஃபெரியால்–ஸரெட்ஸ்கா 2-0. கோரனோவா–டெர்லியுகா 5-1. எட்டு பாயின்ட் வித்தியாசத்தில் முடிந்த குமித்தே ஃபைனல் ஒன்றும் இல்லை. பார்வையாளருக்கு அலுப்பாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஸ்கோர் குறைவாக இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் பாதி அடி தூரத்துக்காக மூன்று நிமிடமும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

19 செப்டம்பர் 2021

ஹமீதி விஷயத்தில் இன்னும் யோசனை ஓடுகிறது. முதல் நாள் எழுதியதில் விதிப்படி மாற்றம் இல்லை. ஆனால் ஒரு நெருடல்.

விதி தண்டிப்பது அடியின் விளைவை. ஒரே கிக், ஒரே வேகம். எதிராளி அரை அடி பின்னால் சாய்ந்தால் உரசல், 3 பாயின்ட். அவரே முன்னால் வந்தால் மயக்கம், ஹான்சோகு. உதைத்தவர் இரண்டிலும் செய்தது ஒன்றே. இதை ஈடுகட்டத்தான் மூபோபி என்ற குற்றம் இருக்கிறது: தற்காப்பைப் பார்க்காமல் தலையைக் கொடுத்து உள்ளே பாய்பவருக்கு எச்சரிக்கை. அடி வாங்கியவர் மயங்கிக் கிடக்கும்போது எந்த ரெஃப்ரியும் மூபோபி கொடுக்கத் துணிய மாட்டார் என்பது நடைமுறை.

மறுபக்கமும் இருக்கிறது. விளைவைப் பார்க்காமல் நோக்கத்தைப் பார்த்தால், கனமான ஆட்கள் எல்லாரும் “நிறுத்தத்தான் பார்த்தேன்” என்பார்கள். அப்புறம் உதைத்தவர்தான் வெல்வார், ஆறு மாதத்தில் வேறு விளையாட்டு ஆகிவிடும். விளைவை மட்டும் பார்ப்பதால் நடிப்பு வரும்: லேசாகப் பட்டதற்கு முகத்தைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அதற்கும் தண்டனை உண்டு. ரெஃப்ரி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே முடிவு சொல்வது, 10 நொடி விதி, எல்லாம் அந்த நடிப்பை அடக்கவே. இப்போதைக்கு என் பக்கம்: ஹான்சோகு சரி. ஆனால் 84ஐயும் அதற்கு மேற்பட்டவர்களையும் ஒரே பிரிவில் அடைத்தவர்கள் கொஞ்சம் பொறுப்பு ஏற்க வேண்டும்.

22 நவம்பர் 2021

துபாய் உலக சாம்பியன்ஷிப் நேற்று முடிந்தது. கியூனா மறுபடியும் தங்கம், ஃபைனலில் மறுபடியும் கின்டெரோ. 2018 மாட்ரிட், டோக்கியோ, இப்போது துபாய். கின்டெரோவின் கதையை நினைத்தால் பாவமாக இருக்கிறது, வேறு எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் அலமாரி முழுக்கத் தங்கமாக இருந்திருக்கும். சான்செஸும் தங்கம். ட கோஸ்டாவும் 67இல் தங்கம், ஒரே வருடத்தில் ஐரோப்பா, ஒலிம்பிக், உலகம் மூன்றும்.

இங்கே ஐந்து பிரிவும் உண்டு என்பதால் டோக்கியோ பட்டியலோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். 67 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் டோக்கியோ 67இல் 60 கிலோக்காரர்களும் இருந்தார்கள்.

3 ஜூலை 2022

டோக்கியோ வெண்கலத்தை ஏலத்தில் விட்டுவிட்டார் ஹொருனா. பணம் உக்ரைன் ராணுவத்துக்கு.

14 ஜனவரி 2023 (வேறொருவர்)

பேப்பர்ல அடிக்கடி “சர்வதேச கராத்தே போட்டியில் நம்ம ஊர் மாணவர் தங்கம்”னு வருதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

14 ஜனவரி 2023, இரவு

ஒன்றில்லை, ஆனால் குழந்தையின் மெடலைச் சிரிக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை உழைத்துத்தான் வாங்கியிருக்கும். ஒலிம்பிக் கமிட்டி ஏற்றுக்கொண்டது உலக கராத்தே கூட்டமைப்பு ஒன்றைத்தான். அதற்கு வெளியே ஸ்டைல்வாரியாக எத்தனையோ அமைப்புகள், ஒவ்வொன்றும் தன் போட்டிக்கு “சர்வதேச” என்று பேர் வைக்கலாம், தடை இல்லை. பெற்றோர் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: எந்த அமைப்பு நடத்துகிறது, பிள்ளையின் வயது-எடைப் பிரிவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், தோற்றால் எத்தனை ஆட்டம் கிடைக்கும். பிரிவில் நாலு பேர், வெண்கலம் இரண்டு என்றால் எல்லார் கழுத்திலும் மெடல் விழும். டிரா தாளை (யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியல்) வாங்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சாதனம் பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன். சிவப்பு, நீலம் இரண்டு நிறத்திலும் கிளவுஸ், கால் கவசம், பாதக் கவசம் வேண்டும். அடுத்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் வரும் என்று முன்பே தெரியாது. பல் கவசத்தை வீட்டிலேயே வெந்நீரில் போட்டு வாய்க்குப் பொருத்திக்கொண்டு வர வேண்டும், போட்டி நாளில் கடையில் வாங்கி அப்படியே வாயில் வைத்தால் பேச்சும் வராது, மூச்சும் வராது.

12 ஆகஸ்ட் 2024

பாரிஸ் முடிந்தது, கராத்தே இல்லாமல். பிரான்ஸ் தன் வீட்டில் நடத்தியும், ட கோஸ்டா போன்ற ஒலிம்பிக் சாம்பியன் இருந்தும் இல்லை. பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிக்கெட், ஸ்குவாஷ் எல்லாம் சேர்கின்றன, கராத்தே அதிலும் இல்லை. ஆக, மேலே போட்ட 32 பேர் பட்டியல்தான் இதுவரை ஒலிம்பிக் கராத்தேயின் மொத்த மெடல் பட்டியல். முதல் பதிவில் “ஒலிம்பிக்குக்கு ஆகாது” என்றவர் ஜெயித்துவிட்டார் என்று நீங்கள் சொல்வதற்குள்: டோக்கியோவுக்கு முன்பே, 2019லேயே பாரிஸ் பட்டியலில் பெயர் இல்லை. ஹமீதி உதைத்ததால் போனது அல்ல.

விதியும் நகர்ந்துவிட்டது. எச்சரிக்கையில் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு தனி வரிசை இருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். அதற்கு முன் தாக்குக்கு ஓர் எச்சரிக்கை, கோடு தாண்டியதற்கு ஓர் எச்சரிக்கை என்றால் அவை ஒன்றோடொன்று கூடாது. இப்போது கூடும். கட்டாவின் 70-30 கணக்கும் போய்விட்டது. பழைய ஸ்கோரைப் புதிய ஸ்கோரோடு ஒப்பிட்டு “தரம் குறைந்துவிட்டது” என்று எழுதுபவர்கள் கவனிக்கவும்.

12 ஆகஸ்ட் 2024, இரவு

எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டவருக்கு. முதலில் கோரனோவா–டெர்லியுகா, பாயின்ட் விழுவது தெளிவாகத் தெரியும். அடுத்து புசா–அகாயேவ், பாதங்களை மட்டும் பாருங்கள், கைகளைப் பார்க்க வேண்டாம். பிரேகோவிச்–யின் கடைசியில். ஒலியை அணைத்துவிட்டு, முடிவைப் பார்க்காமல் மூன்றாவது நிமிட முடிவில் நிறுத்தி, சிவப்பா நீலமா என்று ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே ஓட்டுங்கள்.